பியூஸ் கட்டையின் காலம்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் ராஜபாட்டையில் எலக்ட்ரானிக் சிட்டியையும் ஹெப்பகோடியையும் கடந்தபின் வருகிற பொம்மசந்திரா, 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை அங்கே வந்து முடிந்தது முதல், நகரத்தின் ஒரு பேட்டையாகவே எண்ணப்பட்டு வருகிறது. பத்தொன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பாதையின் கடைசி நிலையத்துக்கு, மின்சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பெயரை ஊர்ப்பெயருக்கு முன்னால் சூட்டியிருக்கிறார்கள். ரயிலும் தண்டவாளத்தின் ஓரமாகப் போட்ட மூன்றாவது தண்டில் பாயும் 750 வோல்ட் நேர்மின்சாரத்தால் ஓடுகிறது. இத்தகைய வாசலைத் தாண்டிப் பழைய ஊருக்குள் நடந்து, தொழிற்பேட்டை வருவதற்கு முன்பே இருந்த ஓட்டு வீடுகளையும், பேட்டை வந்த புதிதில் அவசரமாக எழும்பிய மாடி வீடுகளையும் பார்க்கிறவருக்கு, கூடத்துக் கதவுக்கு மேலே, கைக்கு எட்டியும் எட்டாத உயரத்தில், கறுத்துப்போன ஒரு மரப்பலகையும், அதன்மேல் இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய மெயின் சுவிட்சும், பக்கத்தில் வெள்ளைப் பீங்கானாலான இரண்டு மூன்று பியூஸ் கட்டைகளும் சிற்சில இடங்களில் இன்னும் தென்படக்கூடும். அவை நாளுக்கு நாள் கழற்றப்பட்டு வருகின்றன. அவற்றின் ஸ்தானத்தில், எம்.சி.பி. என்னும் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்சுகளை வரிசையாக அடுக்கிய பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்த மாற்றம் எந்த வழியாக வந்தது, வந்த பிறகும் எது மாறாமல் நிற்கிறது என்பதே இங்கு நாம் விசாரிக்கப் புகும் விஷயம்.

மைசூர் சம்ஸ்தானத்துக்கு மின்சாரம் பொன்னின் நிமித்தம் வந்தது. பாலக்காட்டுத் தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், சம்ஸ்தானத்தின் உதவித் தலைமை எஞ்சினீயராயிருந்த ஜோலி தெ லோத்பினியேர் என்னும் ராணுவ எஞ்சினீயர், காவிரி சிவசமுத்திரத்தில் இறங்கும் வேகத்தைக் கொண்டு யந்திரங்களைச் சுழற்றலாம் என்று யோசனை கூறி, அதற்கு வேண்டிய மின்யந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிடமிருந்தும் நீர்ச்சுழலிகளை ஸ்விட்ஜர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியிடமிருந்தும் வரவழைத்தார். 1902-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு 92 மைல் தூரம், 30,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் ஓடிற்று. அக்காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. திவான் அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். வடாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போய்த் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கிய ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள், நீர் இறைக்கும் பம்புகளும் கல் இடிக்கும் உலக்கைகளும் அந்த மின்சாரத்தால் இயங்குவதை, சென்னப்பட்டணத்துத் தனவந்தர்களில் பலர் தங்கள் வீடுகளில் ஒரு விளக்கைக் காண்பதற்கு முன்பே, கண்டிருப்பார்கள். வழியிலிருந்த கிராமங்களுக்கோ அது தலைக்கு மேலே போன வெறும் கம்பியாகத்தான் நெடுங்காலம் இருந்தது.

பெங்களூரில் 1905 ஆகஸ்டில் தெருவிளக்கு எரிந்தது. ஆசியாவிலேயே முதன்முதலாக மின்விளக்குப் பெற்ற நகரம் இதுவே என்று சொல்லிக்கொள்வது உள்ளூர்ப் பெருமைகளுள் ஒன்று. ஆனால் கல்கத்தாவில் 1899-லேயே கம்பெனி மின்சாரம் வந்துவிட்டது. டார்ஜிலிங்கில் அதற்கும் முன்னால் 1897-ல் சித்ராபோங் நீர்மின் நிலையம் நடந்தது. நீண்ட தூரத்துக்கு அப்பாலிருந்து நீர்வீழ்ச்சியின் சக்தியைக் கொண்டுவந்து ஒரு பெரிய நகரத்தைத் துலக்கியது என்ற மட்டில் பெங்களூருக்கு உரிய கீர்த்தி போதுமானது. இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை. சர் மிர்ஸா இஸ்மாயில் திவானாயிருந்த 1926 முதல் 1941 வரையிலான காலத்தில் மைசூர் ராஜ்யத்துக் கிராமங்களுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் காரியம் ஊக்கமாக நடைபெற்றது. எல்லைக்கு அப்பால் சென்னை ராஜதானியின் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர்ப் பக்கத்தார் அதைச் சற்றுப் பொறாமையோடு பார்த்திருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

விளக்கு வந்த வீட்டுக்குக் கூடவே பியூஸும் வந்தது. எடிசன் நியூயார்க்கில் தம்முடைய மின்நிலையத்தைத் திறப்பதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1880-ல், மின்பாதையில் வேண்டுமென்றே பலவீனமான ஒரு துண்டுக் கம்பியை வைத்து, அளவுக்கு மீறிய மின்சாரம் பாயும்போது அது முதலில் உருகி அறுந்து மற்றக் கம்பிகளைக் காப்பாற்றும்படி செய்யும் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஏரிக்கரைகளில் நம் முன்னோர் அமைத்த கலிங்கின் தத்துவமும் இதுவே: கரை உடைந்து ஊர் அழியாமலிருக்க, கரையின் ஓரிடத்தைத் திட்டமிட்டுத் தாழ்வாக விட்டுவைப்பது. சந்திரா என்று முடியும் பெயருடைய ஊர்கள் பல ஏரியை ஒட்டி எழுந்தவையாகிய இந்தப் பிரதேசத்தில் இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கலிங்கை மண் மூட்டையால் அடைத்து நாலு நாள் தண்ணீர் கூடுதலாகத் தேக்கப் பார்த்தவர்களின் கதியும் இங்கே தெரிந்ததுதான். பியூஸ் காப்பது கம்பியை. மனிதனைக் காப்பது அதன் வேலையன்று. இந்த ஒரு விஷயத்தை மறந்ததனால் விளைந்த அனர்த்தங்கள் அநேகம்.

அக்காலத்து வீட்டு ஒயரிங் இப்போது கண்ணுக்குப் படாத சுவருக்குள் போய்விட்டது. அப்போது அது சுவரின் மேலேயே, எல்லாரும் பார்க்கும்படி, தச்சு வேலையின் அழகோடு ஓடிற்று. முதலில், பள்ளம் தோண்டிய மரச்சட்டத்துக்குள் கம்பிகளைப் படுக்கவைத்து மேலே மரமூடி அறைந்தார்கள். பிறகு தேக்கு ரீப்பர்களின் மேல் ரப்பர் உறையிட்ட கம்பிகளைத் தகரக் கிளிப்புகளால் நெருக்கமாகப் பிடித்து ஓட்டினார்கள். கம்பியின் உறை கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர். அதற்கு மேல் நூல் பின்னல். வட்டமான மரக்கட்டையின் மேல் பழுப்பு நிற பேக்கலைட் சுவிட்சு, கீழே சாய்த்தால் 'டக்' என்ற சத்தத்தோடு விளக்கு. மீட்டருக்கு அடுத்தபடியாக இரும்புப் பெட்டி சுவிட்சு. அதற்கடுத்துப் பீங்கான் அடியும் அதில் செருகும் பீங்கான் கைப்பிடியுமாகப் பியூஸ் கட்டைகள். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, திண்ணையில் ஒன்று என்று 40 வாட் விளக்குகள் ஆறு இருந்தால் அது வசதியான வீடு. அந்த ஆறும் சேர்ந்து எரிந்தாலும் ஓர் ஆம்பியரைச் சற்றே தாண்டும். 5 ஆம்பியர் பியூஸ் அந்த வீட்டுக்குத் தாராளம். பிற்காலத்தில் ஏழைகளுக்கு ஒற்றை விளக்கு வழங்கிய பாக்கிய ஜோதித் திட்டத்தில் சேர்ந்த குடிசைகளுக்கோ பலகை என்ற ஒன்றே அவசியமாயிருக்கவில்லை.

அந்தப் பழைய பலகைகளில் ஒளிந்திருந்த ஒரு தோஷத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அப்போதைய ஆங்கில வழக்கத்தை அனுசரித்து, மின்சாரம் வருகிற பேஸ் கம்பிக்கு ஒரு பியூஸும், அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பிக்கு ஒரு பியூஸும் ஆக இரட்டைப் பியூஸ் வைப்பது முறையாக இருந்தது. இரண்டுக்கும் காவல் இருப்பது இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நியூட்ரல் பியூஸ் மட்டும் உருகிப் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும், வீட்டார் மின்சாரம் நின்றது என்று நம்பிக்கொள்வார்கள், கம்பிகளிலோ பேஸ் முழு 230 வோல்ட்டோடும் நின்றுகொண்டிருக்கும்; இருட்டில் ஹோல்டருக்குள் விரல் விட்டவனுடைய உடம்பின் வழியாக அது பூமிக்கு இறங்கும். 1956-ல் வெளிவந்த இந்திய மின்சார விதிகளின் 32-ஆவது விதி, பேஸையும் நியூட்ரலையும் ஒரே சமயத்தில் துண்டிக்கிற இணைப்புச் சுவிட்சைத் தவிர வேறு எந்தப் பியூஸும் நியூட்ரலில் இருக்கக் கூடாது என்று விலக்கியது இதனால்தான். விதி வந்ததே ஒழிய, அதற்கு முன்னால் கட்டிய வீடுகளின் பலகைகள் தாமாகத் திருந்திக்கொள்ளவில்லை. பழைய வீட்டில் எலக்ட்ரீஷியன் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டாவது பீங்கானைத்தான்.

இனி, பியூஸ் போடுவது என்னும் கிருகஸ்த கலையைப் பற்றி. ராத்திரி விளக்கு அணைந்ததும் தெருவில் எட்டிப் பார்ப்பது முதல் சடங்கு. எதிர்வீட்டில் வெளிச்சம் இருந்தால் குற்றம் நம்முடையது. மெழுகுவர்த்தியோ டார்ச்சோ ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள, நாற்காலியின் மேல் ஏறியவர் மெயினை இறக்கி, கட்டையை ஒவ்வொன்றாக உருவி, எதில் பீங்கான் கறுத்திருக்கிறது என்று முகர்ந்தும் பார்த்தும் கண்டுபிடிப்பார். ஈயம் பூசிய செம்புக் கம்பியை அட்டையில் சுற்றிக் கடையில் விற்றார்கள். 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் குறுக்களவு, 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர், 30 ஆம்பியருக்கு 0.85 என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பார்த்துக் கம்பி போட்ட வீடுகள் சொற்பம். அட்டை தீர்ந்துபோயிருக்கும், இஸ்திரிப் பெட்டியின் பழைய ஒயரைச் சீவி, அதன் இழைகளில் இரண்டை முறுக்கிப் போட்டால் விளக்கு வந்துவிடும். மறுநாள் மறுபடி போனால் நாலு இழை. பிறகு போவதே இல்லை. 'பலமாகப் போட்டுவிட்டேன்' என்று சொல்லி நாற்காலியிலிருந்து இறங்கினவரை வீடு முழுவதும் நன்றியோடு பார்க்கும். அறுந்துபோவதற்கென்றே வைத்த ஒன்றை அறுந்துபோகாமல் செய்துவிட்ட சாமர்த்தியம் அது. அதன் பலனைச் சுவரில் ஓடிய ரப்பர் கம்பி, உள்ளுக்குள்ளே வெந்து, காய்ந்து, தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்து அனுபவித்தது.

ஒழுங்காகப் போட்ட பியூஸிலும் ஒரு குறை உண்டென்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 5 ஆம்பியர் என்று குறித்த கம்பி 5 ஆம்பியரில் உருகாது. ஏறக்குறைய இரட்டிப்பு ஏறினால்தான் உருகும். அந்த இடைவெளியில் மணிக்கணக்காக ஓடும் அதிகப்படி மின்சாரத்தைத் தாங்க வேண்டியது சுவர்க் கம்பி. அன்றியும், ஷார்ட் சர்க்யூட் ஏற்படும் கணத்தில் பீங்கானுக்குள் எழும் தீப்பொறியைத் தணிக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. நல்ல கட்டையே இரண்டாயிரம், நாலாயிரம் ஆம்பியருக்கு மேல் தாளாது. டிரான்ஸ்பார்மர் ஊருக்கு வெளியே எங்கேயோ நின்று, மெல்லிய கம்பி வெகுதூரம் ஓடி வந்த காலத்தில், அந்தத் தூரமே ஷார்ட் சர்க்யூட்டின் உக்கிரத்தைக் குறைத்துக் கொடுத்ததால், இது பெரிதாகத் தெரியவில்லை.

பொம்மசந்திராவில் அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. 1966-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் அமைந்த கர்நாடகத் தொழிற்பிரதேச அபிவிருத்தி வாரியம் ஓசூர்ச் சாலையோரத்து நிலங்களை வாங்கித் தொழிற்பேட்டை அமைத்ததும், 1978-ல் பக்கத்தில் எலக்ட்ரானிக் சிட்டி தோன்றியதும், பின்னர் மருந்துக் கம்பெனிகளும் ஆஸ்பத்திரியும் வந்ததும் இந்த ஊரின் சரித்திரத்தையே வேறாக்கின. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டியிருந்தது. ராகி விளைந்த நிலத்தில், வட்டாரம் என்று இங்கே சொல்லப்படும் கூட்டுக் குடியிருப்புகள் எழுந்தன. ஒரே முற்றத்தைச் சுற்றி ஒற்றையறைக் குடித்தனங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மின் இணைப்பு, உள்ளே வீட்டுக்காரர் தாமே வைத்துக்கொண்ட சிறு மீட்டர்கள். ஊருக்குள்ளேயே பெரிய டிரான்ஸ்பார்மர்கள் வந்து நின்றன. ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் பாயும் மின்சாரம் பீங்கான் கட்டையின் தகுதியைத் தாண்டிப் போகத்தக்க நிலை உண்டாயிற்று.

செம்புக்குத் தட்டுப்பாடு வந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய வீடுகளில் அலுமினியக் கம்பி ஓட்டிவிட்டார்கள் என்பது இன்னொரு சங்கடம். அலுமினியம் திருகாணிக்கு அடியில் நாளடைவில் நெகிழ்ந்து இடம் கொடுத்துவிடும், அதன் மேற்பரப்பில் படியும் துரு மின்சாரத்தைத் தடுக்கும், இணைப்பு சூடாகும், சூட்டால் இன்னும் நெகிழும். பியூஸுக்கோ, அதற்குப் பின்வந்த எம்.சி.பி.க்கோ இந்தச் சூடு தெரியவே தெரியாது, ஏனெனில் பாய்கிற மின்சாரத்தின் அளவு அங்கே கூடுவதில்லை. சுவிட்சுப் பெட்டியின் ஓரம் மஞ்சளாகி, ஒரு கருகல் வாசனை அடித்தால்தான் உண்டு.

பியூஸின் இடத்துக்கு வந்த எம்.சி.பி. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவருடைய தொழிற்சாலையில் 1924-ல் உருவான சிறு கருவியின் வம்சம். அதற்குள்ளே இரண்டு காவலர்கள் உண்டு: மெதுவாக ஏறும் பளுவுக்குச் சூட்டால் வளைகிற இரட்டை உலோகத் தகடு, திடீரென்று பாயும் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும் காந்தச் சுருள். குறித்த அளவுக்கு ஒன்றரை மடங்கு ஏறுவதற்குள் ட்ரிப் ஆகிவிடும். ஆறாயிரம், பத்தாயிரம் ஆம்பியரைத் துண்டிக்கவும் வல்லது. நாற்காலி வேண்டாம், இழை வேண்டாம், விரலால் தூக்கிவிட்டால் போதும். நம் நாட்டு வீடுகளுக்கு அது சாமான்யமாக வந்து சேர அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. மின்சாதனத் தொழிலில் பெங்களூர் பின்தங்கிய ஊரன்று என்பதை நினைக்கும்போது இந்தத் தாமதம் விசித்திரமாகவே தோன்றுகிறது: மல்லேசுவரத்தில் மைசூர் லாம்ப் ஒர்க்ஸ் 1936-ல் ஏற்பட்டது, மின்கம்பங்களுக்குப் பீங்கான் செய்ய அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது, 1956-ல் ஜெர்மானிய ஏ.இ.ஜி. கம்பெனியின் கூட்டுறவோடு என்.ஜி.இ.எப். ஆரம்பித்து, மோட்டார்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் பெரிய சுவிட்சுகளையும் செய்தது. கம்பெனிக்கும் மின்நிலையத்துக்கும் வேண்டிய காவல் இங்கேயே தயாராயிற்று. கூடத்துக் கதவுக்கு மேலே இருந்த பீங்கான் மட்டும் அப்படியே இருந்தது. பியூஸ் ஒயர் சில அணா, எம்.சி.பி. பல ரூபாய். காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மனிதனைக் காக்கும் கருவி வேறு. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டவுடன் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. அது, அந்த வித்தியாசம் ஒரு மனித சரீரத்தின் வழியாகப் பூமிக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்ற சம்சயமே அதன் உயிர். அதற்கு முந்தைய காலத்தில் இந்தக் காவலைக் கொல்லைப்புறத்து எர்த் குழியிடமே ஒப்படைத்திருந்தார்கள்: கரியும் உப்புமாக அடுக்கிய குழியில் இறக்கிய இரும்புக் குழாய், கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் விசுவாசமாக இருக்கும். மின்சார விதிகளில் பிற்பாடு சேர்த்த 61-ஏ விதி, 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கு மின்கசிவுக் காவலைக் கட்டாயமாக்கியது. பங்களாவுக்கு அது பொருந்திற்று. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தண்ணீரைக் காயவைக்கும் கம்பிச்சுருளை வாளிக்குள் விடுகிற ஒற்றையறைக் குடித்தனத்தின் பளு அந்த அளவைத் தொடவே இல்லை.

இப்பொழுது பொம்மசந்திராவில் நடக்கும் மாற்றத்தைப் பார்ப்போம். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனை அழைத்து, பலகையைக் கழற்றிப் புதுப் பெட்டி வைக்கச் சொல்கிறார். கீஸர் 3 கிலோவாட், அதுவே 13 ஆம்பியர். இண்டக்ஷன் அடுப்பு, ஏ.சி., ராத்திரியில் முற்றத்தில் சார்ஜ் ஆகும் மின் ஸ்கூட்டர் எல்லாம் அதன்மேல். 2023 ஆகஸ்டு முதல் மாதம் 200 யூனிட் வரைக்கும் கட்டணமில்லை என்ற கிருஹ ஜோதித் திட்டம் வந்தபின், பில்லைக் கண்டு சுவிட்சை அணைக்கும் பழைய பயமும் பலருக்கு விட்டிருக்கலாம். புதுப் பெட்டியில் 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறார்கள். கீஸரும் ஏ.சி.யும் சேர்ந்தால் அது ட்ரிப் ஆகிறது. ஆவதுதான் அதன் கடமை. உடனே 32 ஆம்பியர் போடப்படுகிறது. ட்ரிப் ஆவது நின்றுவிடுகிறது. சுவருக்குள் இருப்பதோ விளக்குக்காக ஓட்டிய ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பி. ஒயர் இழையை நாலாக முறுக்கிப் போட்ட பெரியவரும் இந்த எலக்ட்ரீஷியனும் செய்தது ஒரே காரியம். முன்னவருக்கு ராத்திரி இருட்டு ஒரு சமாதானமாகவாவது இருந்தது.

ஆர்.சி.சி.பி.யின் கதி இதைவிட மோசம். பழைய வீடுகளில் கம்பி மிச்சம் பிடிக்க, கூடத்துக்கும் சமையலறைக்கும் பேஸைத் தனித்தனியாகக் கொடுத்து, நியூட்ரல் ஒன்றையே பொதுவாக விட்டிருப்பார்கள். பகுதி பகுதியாக ஆர்.சி.சி.பி. வைத்தால், ஒன்றின் வழியே போன மின்சாரம் மற்றொன்றின் நியூட்ரலில் திரும்பி, கசிவு இல்லாமலே கணக்கு உதைத்து, பெட்டி நொடிக்கு நொடி விழுகிறது. நியூட்ரலைப் பிரித்து ஓட்டுவது இரண்டு நாள் வேலை, சுவர் உடைப்பு, சுண்ணாம்பு. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒரு கம்பியை நேரே கொடுத்துவிடுவது ஐந்து நிமிஷம். பெட்டியின் கண்ணாடி மூடிக்குள் அது பார்வைக்கு அப்படியே இருக்கும். அமுக்கிச் சோதிக்கும் பித்தானை யாரும் அமுக்குவதில்லை.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுடைய கிரமம் வேறு. லைசென்ஸ் உள்ள அத்தகைய எலக்ட்ரீஷியன் பெட்டி வாங்குவதற்கு முன்பே மெக்கர் வைத்துக் கம்பியின் உறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கிறார். விளக்குக்கு ஒன்றரை, பிளக்குக்கு இரண்டரை, கீஸருக்கும் ஏ.சி.க்கும் நாலு சதுர மில்லிமீட்டர் என்று கம்பியை மாற்றி, அந்தக் கம்பிக்கு ஏற்றபடி எம்.சி.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார், நியூட்ரல்களைப் பிரிக்கிறார், எர்த் குழியைப் புதுப்பிக்கிறார், மின்விநியோகக் கம்பெனியான பெஸ்காமில் விண்ணப்பித்து அனுமதிக்கப்பட்ட பளுவைக் கூட்டச் சொல்கிறார். பெட்டியின் விலை இந்த மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கு. ஆகையால் பெட்டி மட்டும் மாறுகிற வீடுகளே அதிகமாயிருப்பதில் வியப்பில்லை.

வட்டாரங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. மீட்டர் வரைக்கும் பொறுப்பு பெஸ்காமைச் சேர்ந்தது. மீட்டருக்கு இப்பால் உள்ளதெல்லாம் இணைப்புப் பெற்ற வீட்டுக்காரருடையது. உள்ளே ஒற்றையறையில் குடியிருக்கும் ஓசூர்ப் பக்கத்துத் தொழிலாளியோ, பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கும் முன்பணத்துக்கும் கையெழுத்திட்டவர். கம்பியின் பருமனைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இராது, அவர் கேட்டாலும் அது தமது வேலையன்று என்று வீட்டுக்காரரும், மீட்டருக்கு அப்பால் தமக்கு அதிகாரமில்லை என்று லைன்மேனும் சொல்லுவார்கள்.